பின்னால் வருகிறாள்

ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். இடமா, வலமா தெரியவில்லை. பதினெட்டு வருடமாக ஞாயிறு தவறாமல் நடந்த காடு. வீட்டுப் பின்கதவைத் திறந்தால் பத்து நிமிடத்தில் முதல் மரம் வந்துவிடும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய் வருவேன் என்று காலையில்தான் மகளிடம் போனில் பீற்றிக்கொண்டிருந்தார்.

நடந்தது என்னவோ உண்மைதான். ஆனால் வழி பார்த்து நடந்தது அவர் மனைவி. பாதை குறுகல், இருவர் சேர்ந்து போக முடியாது. அவள் முன்னால் பேசிக்கொண்டே போவாள், அவர் பின்னால் 'ம்' கொட்டிக்கொண்டே போவார். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் முப்பது வருடம் மோட்டார் அறை இரைச்சலில் கிடந்த காது. அவள் சொல்வதில் பாதிதான் விழும். விழாத பாதிக்கும் சேர்த்துத்தான் அந்த 'ம்'. அவளுடைய தேய்ந்த குதிகாலையும் வியர்வையில் ஒட்டிய முதுகையும் தவிர, இந்தக் காட்டில் அவர் எதைப் பார்த்தார்? "மேல, கீழ தவிர உங்களுக்கு வேற திசை ஏதாவது தெரியுமா?" என்று கேலி செய்வாள். "அதான் நீ இருக்கியே" என்பார்.

அவள் போய் ஏழு வாரம். எல்லோருக்கும் மகள்தான் சொன்னாள். சொந்தக்காரர்களுக்கு, மாடி வீட்டுக்கு, பால் போடுகிறவருக்குக்கூட. துக்கம் கேட்க வந்தவர்கள் தெரிந்துதான் வந்தார்கள். தலையாட்டினால் போதுமாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாய் இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று ஒரு நப்பாசை.

இடப்பக்கம் திரும்பினார். கால் மணி நேரத்தில் பாதை முள்புதரில் போய் முட்டிக்கொண்டது. திரும்பினால் எதிரே எப்போதும் பார்க்கிற வனக்காவலர். மூக்கில் புதுக் கண்ணாடி.

"என்ன சார், இந்தப் பக்கம்? இது மான் போற வழி."

"சும்மாதான் தம்பி."

"அக்கா எங்க?"

மகள் சொல்லி முடித்தவர்களின் பட்டியலில் காடு இல்லை.

"பின்னால வர்றா." எப்படி வந்தது என்றே தெரியவில்லை, வந்துவிட்டது.

காவலர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அக்காவா? பின்னாலயா? இன்னைக்கு மழை கொட்டப் போகுது சார்! அதான் நீங்க வழி தப்பி நிக்கிறீங்க." பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "அக்கா வரட்டும். 'மானுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியல, நீயெல்லாம் ஒரு காவலா'ன்னு அன்னைக்குக் கிழிகிழின்னு கிழிச்சாங்களே, நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க. அவங்ககிட்ட காட்டணும்னுதான் ரெண்டு வாரமா பாக்குறேன்."

அவர் பக்கத்தில்தான் நின்றார். 'ம்' என்றுகூடச் சொல்லியிருப்பார். அவள் காவலரைத் திட்டியதே இப்போதுதான் தெரிகிறது. இன்னும் என்னென்ன சொன்னாளோ, யார் யாரிடம் சொன்னாளோ.

இருவரும் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிவிட வேண்டும். இரண்டே சொல். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி அது பாதியிலேயே நின்றது.

"அவ வரமாட்டா தம்பி."

"ஏன், சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"அப்ப கால் வலியாத்தான் இருக்கும். அந்த ஏத்தத்துல எங்கயாவது உக்காந்திருப்பாங்க. அவங்களைத் தனியா விட்டுட்டு வந்துட்டீங்க பாருங்க, நல்ல ஆளு சார் நீங்க. இருங்க, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"தம்பி..." என்று அவர் எழுவதற்குள் காவலர் இறங்கிவிட்டார். "அக்கா! அக்கோவ்!" கணீரென்ற குரல். ஓர் எழுத்து விடாமல் அவருக்குக் கேட்டது. ஏழு வாரமாக அவளை யாரும் கூப்பிடவில்லை. 'அம்மா இருந்தப்போ' என்றார்கள், 'பாவம் அவங்க' என்றார்கள். கூப்பிடத்தான் ஆளில்லை.

நிறுத்தியாக வேண்டும். வாயைத் திறந்தார். கீழே மறுபடியும் "அக்கா!" எழுந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிடட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். மரங்களுக்கு நடுவே காவலரின் பச்சைச் சட்டை நின்று, பதில் வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டது. அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.