மம்மியின் கிளினிக் குரல்

"வீட்டுல பேசறதையே எழுதுறதுக்கு ஸ்கூல் எதுக்கு? அதை நானே..."

"கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க, ஓர்லின்..."

"அதை நானே ஓசியில சொல்லிக் குடுப்பேனே! இங்கிலீஷ் படிக்க அனுப்பினா, நம்ம பாட்வாப் பேச்சைக் கரும்பலகையில எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கீங்க!"

"அது முதல் படிதான். அப்புறம் அவளே இங்கிலீஷ்ல..."

"எந்தப் படி, டீச்சர்? என் பொண்ணு சறுக்கி விழற படியா?"

வெளியே டாக்சிக்காரன் ஹார்னை அழுத்தினான். சாண்டா குரூஸ் சந்தையில் ஓர்லின் விற்க வேண்டிய வெங்காயத்தாள் கட்டுகள் வண்டிக்குள் வாடிக்கொண்டிருந்தன. ஓர்லின் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இருடா! உன் வண்டி என்ன, பறந்தா போகப் போகுது?" என்று ஒரு கத்துக் கத்தினாள். மைதானத்தில் மேய்ந்த ஆடுகள்கூட நிமிர்ந்து பார்த்தன.

டீச்சர் ஃபேஸியின் விரல்களுக்கிடையில் சாக்பீஸ் ஒடிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷனோயாவை ஒருமுறை பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்பு வரை வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி இருந்த பெண். இப்போதுதான் தான் பாட்வாவில் சொன்னதைப் பலகையில் பார்த்துத் தானே வாசிக்கிறாள், பிறகு அதையே இங்கிலீஷில் எழுதிப் பார்க்கிறாள். ஜூனில் வாசிப்புத் தேர்வு. தேறாவிட்டால் தோழிகள் மேல் வகுப்புக்குப் போக, இவள் இங்கேயே கிடப்பாள். இந்த நேரம் பார்த்து அம்மாக்காரி இவளைப் பிடுங்கிக்கொண்டு போய், நாற்சந்தி வீட்டில் டியூஷன் எடுக்கும் மிஸ்டர் டேக்கரிடம் விடப் போகிறாளாம். அவர் கை வலிக்க வலிக்க ஒரே பக்கத்தைப் பார்த்து எழுத வைப்பவர்.

"சரி, இவ என்ன கத்துக்கிட்டான்னு காட்டுங்க. பாத்துடலாம்" என்று ஓர்லின் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஷனோயா, நேத்து என்ன நடந்துச்சு? மனசுல வர்றபடியே சொல்லு."

பிள்ளை சொல்வதில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் டீச்சர் பலகையில் எழுத வேண்டும். அந்த வகுப்பில் அதுதான் சட்டம். நேற்று என்ன நடந்தது என்று முன்கூட்டியே கேட்டு வைக்காததுதான் பிசகு.

"நேத்து நானும் மம்மியும் கிளினிக் போனோம்."

சாக்பீஸ் ஓடியது.

"மம்மி சந்தையில பேசினா மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும். கிளினிக்ல நர்ஸ் இங்கிலீஷ்ல கேட்டாங்க. மம்மிக்குக் குரலே வரல. வலது பக்கம் வலிக்குதுன்னு சொல்லவே இல்ல. எல்லாத்துக்கும் 'யெஸ், நர்ஸ்', 'யெஸ், நர்ஸ்'னா."

கை பாதியில் நின்றது. டீச்சருக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. எழுதினால் ஓர்லின் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். விட்டுவிட்டாலோ, நாம் சொல்வதெல்லாம் எழுதத் தகுந்ததில்லை என்று ஷனோயா நினைத்துக்கொள்வாள். எழுதினாள். கடைசி 'யெஸ், நர்ஸ்' வரைக்கும்.

"வாசி."

ஷனோயா எழுந்து போய், ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரல் வைத்து வாசித்தாள். எங்கும் தடுக்கவில்லை. தான் பெற்ற பெண் வாசிப்பதை ஓர்லின் கேட்பது அதுதான் முதல் முறை. கட்டியிருந்த கை அவிழ்ந்து இடுப்புக்கு இறங்கியது. ஹார்ன் மறுபடி அலறியது. இந்தத் தடவை ஓர்லின் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வலது பக்கம் இல்லடி" என்றாள், டீச்சரைப் பார்க்காமல். "இடது."

ஷனோயா உள்ளங்கையால் அந்த ஒரு சொல்லை அழித்தாள். டீச்சரிடமிருந்து சாக்பீஸை வாங்கி, சரியான சொல்லைத் தன் கையாலேயே எழுதினாள். பிறகு பலகையின் காலிப் பக்கத்துக்கு நகர்ந்துபோய் நின்று, திரும்பிக் கேட்டாள்.

"மம்மி, இதை இங்கிலீஷ்ல எழுதவா?"