நூலால் கட்டிய சிறகு

இம்பாபா பேட்டையில் கோஷரிச் சோறு விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்துவது ரவ்யா; பெயர்ப்பலகையில் இளிப்பது முதலாளி வகீஹ். தெருவில் எலுமிச்சை விற்பவளுக்குக்கூட இது தெரியும். "என் பேர்ல ஒரு வகுப்பு குடுங்க" என்று ரவ்யா வருஷா வருஷம் கேட்பாள். அவரும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, "நீ இன்னும் ஃபுல்லி ஃப்ளெட்ஜ்ட் ஆகலையே" என்பார்.

இந்த ரமலான் கழிந்ததும் அந்த வகுப்பு கிடைத்தது, அவருடைய அக்கா மகன் ஷாதிக்கு. மீசைக்கு என்னென்னவோ தடவியும் பலன் காணாத பிள்ளை.

வகீஹ் அவனை மாணவர்கள் முன் நிறுத்தினார். "இவர்தான் புது வாத்தியார். ஃபுல்லி ஃப்ளெட்ஜ்ட்! ரவ்யா, அதைப் பலகையில எழுதி அர்த்தம் சொல்லு."

ரவ்யாவுக்கு உச்சந்தலை கொதித்தது. அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் உடைந்தது.

"இது முதல்ல பறவைக்குச் சொன்னது. இறகெல்லாம் முளைச்சு, தானா பறக்கிற பறவை. அப்புறம் மனுஷங்களுக்கும் வந்துச்சு. பயிற்சியெல்லாம் முடிச்சு முழுசா ஆன டாக்டர், வக்கீல். நேத்து வந்தவனுக்குச் சொல்ல மாட்டாங்க."

பின்வரிசை கிளுகிளுத்தது. ஷாதி தன் செருப்பை ஆராய்ந்தான்.

"போதும் ரவ்யா," என்றார் வகீஹ்.

"உதாரணம் வேண்டாமா உஸ்தாத்? எங்கப்பா மாடியில புறா வளர்க்கிறார். புதுசா வாங்கின புறா பழைய கூட்டுக்கு ஓடிடக் கூடாதுன்னு இறக்கையை நூலால கட்டிவைப்பார். ஆனா அதுக்கு இறகே முளைக்கலைன்னு ஒருநாளும் சொன்னதில்லை. கட்டினது நான்தான்னு ஒத்துக்குவார். அவருக்கு அவ்வளவு நாணயம்!"

முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்ப அந்தப் புறா ஃப்ளெட்ஜ்ட்தானே மிஸ்?"

"முழுசா. நூலை அறுத்தாப் போதும்."

சாக்பீஸை மேசையில் எறிந்துவிட்டுப் படியிறங்கினாள்.

இப்போது அப்பாவின் மொட்டைமாடியில், புறாக்கூண்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் வகுப்பு நடக்கிறது. பாதி மாணவர்கள் இங்கேதான். துணி உலர்த்த வரும் பெண்களுக்கும் வினைச்சொல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வகீஹ் ஒருநாள் மூச்சிரைக்க ஏறி வந்து மாடி வாசலில் நின்றார். "ஷாதிக்குச் சரிப்படலைம்மா. வந்துடு. உன்னை முழு ஆசிரியரா ஆக்கிடறேன்."

"நீங்க ஆக்குறீங்களா?" ரவ்யாவின் குரல் அடுத்த கட்டடம்வரை கேட்டது. "நூல் கொண்டுவந்தீங்களா உஸ்தாத்? இல்லேன்னா கீழே கடையில வாங்கிக்குங்க!"

மாடிக் கதவை அவர் முகத்துக்கு நேரே அறைந்து சாத்தினாள். புறாக்கள் மொத்தமும் படபடவென்று எழும்பின.