தேசம்மாவுக்கு ஒரு மலை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அரைக் கிலோ சங்கரா மீனோடு சேர்ந்து வந்தது. எட்டு வருடமாக சாந்தோம் கடற்கரையில் தேசம்மாவிடம்தான் மீன் வாங்குகிறேன். போன மாதம் செதில் சீவிக்கொண்டே, “புரட்டாசில குடும்பத்தோட ஊர் சுத்தப் போறோம் சார். எனுக்கு ஒரு மல பாக்கணும்” என்றாள். வயது ஐம்பத்தெட்டு. இதுவரை அவள் பார்த்த ஒரே மலை பரங்கிமலை, அதுவும் பஸ் ஜன்னல் வழியாக. “இந்த வருசம் முட்டி தாங்கும். அடுத்த வருசம் தாங்காது.”

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்:

கடலின் மகளான தேசம்மா, அலைகளின் தாலாட்டில்...

(அடித்துவிட்டேன். இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினால், கையில் கத்தியோடுதான் கேட்பாள்.)

2

ஊருக்கெல்லாம் சனி ஞாயிறு விடுமுறை என்றால், மீன் விற்பவளுக்கு அந்த இரண்டு நாள்தான் இடுப்பு ஒடியும். புரட்டாசியில் மட்டும் பாதி மயிலாப்பூர் நாக்கைக் கட்டிக்கொள்ளும். பெருமாள் புண்ணியத்தில் அவளுக்கும் ஒரு சனி ஞாயிறு கிடைக்கும்.

மகன் அஜித்குமார் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அதனால் குடும்பச் சுற்றுலாவையும் முறையாகத்தான் செய்தான். வாட்ஸப்பில் குழு தொடங்கி, ஊர் எது என்று வாக்கெடுப்பு வைத்தான். குழுவில் அவன், மனைவி ரோஸி, அப்பா சுப்பராயன். தேசம்மாவிடம் இருப்பது பட்டன் போன், எனவே அவளுக்கு ஓட்டு இல்லை.

“மலையில நமக்கு யாரு கீறா?” என்று ஆரம்பித்தார் சுப்பராயன்.

இது சாதாரணக் கேள்வி இல்லை. பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை எந்தக் குப்பத்தில் இறங்கினாலும் அவருக்கு ஒரு பங்காளி இருப்பான், இல்லையென்றால் ஒரு சம்பந்தி. சொந்தக்காரன் இல்லாத ஊர் அவர் கணக்கில் ஊரே இல்லை. “லாட்ஜுல தங்க நாம இன்னா அநாதையா?”

“வேளாங்கண்ணில எனுக்கு ஒரு வேண்டுதல் கீது மாமா” என்றாள் ரோஸி.

“கடலூர் சித்தப்பா வூட்ல ஏசி போட்டுக்கீறாரு நைனா” என்றான் அஜித்குமார்.

கடைசியில் வாக்கெடுப்பில் நின்றவை கோவளம், கடலூர், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம். ஜனநாயகம் செழித்தது. வாசலில் கடலை வைத்திருக்கும் குடும்பம், மாறுதலுக்காக வேறொரு கடலைத் தேடிக்கொண்டிருந்தது.

“மல இன்னா ஆச்சு?” என்று கேட்டாள் தேசம்மா.

“போற வழியில மகாபலிபுரம் காட்றேன்மா. அங்கதான் அவ்ளோ கல்லு கீதே.”

அவன் கிண்டல் செய்யவில்லை. கோவளம் ஜெயித்தால் மகாபலிபுரம் அதையும் தாண்டித்தான் வரும் என்பது வேறு விஷயம்.

கோவளம் ஜெயித்தது. அங்கிருந்த பங்காளி சந்தோஷமாகப் போன் செய்தார். “முழு வஞ்சிரம் சொல்லி வெச்சிக்கீறேன். அண்ணியே வந்து ஆஞ்சிரட்டும். அவங்க கை வராது யாருக்கும்.”

தேசம்மாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். முப்பது வருடமாகப் பேரம் பேசிப் பேசியே வாழ்ந்தவளுக்கு, தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை.

(‘சும்மா இருந்தாள்’ என்று எழுதியதும் ஒரு சந்தேகம். எட்டு வருடமாக என்னிடம் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதவள் இப்படி இருப்பாளா? எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் அவள் வாயைக் கட்டினேனோ?)

3

என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

முதல் முடிவு: கோவளம், மாலை நேரம். கடலைப் பார்த்தபடி நிற்கிறாள் தேசம்மா. எழும்பி வரும் அலையே அவளுக்கு மலையாகத் தெரி... (நீங்களே துப்பிவிடுவீர்கள்.)

இரண்டாம் முடிவு: யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பஸ் ஏறி ஏற்காடு போகிறாள். கைதட்டல் நிச்சயம். ஆனால் குடும்பத்தோடு போக வேண்டும் என்றுதானே அவள் சொன்னாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் முடிவை எழுதியபோது கை தானாக ஓடியது. கடலென்றால் எனக்கு எழுத வரும். மலையில் எனக்கும் சொந்தக்காரர் யாரும் இல்லை. சுப்பராயனைக் கிண்டல் செய்த வாயை நான் இங்கே மூடிக்கொள்கிறேன்.

4

சனிக்கிழமை காலை. வடபழனியிலிருந்து வந்த வாடகை வேன். முட்டியை நீட்டிக்கொள்ள வேண்டுமென்று தேசம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். டிரைவர் மெஹபூப் அலியிடம் ‘ரெண்டு நாள் டூர்’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

அடையாறு சிக்னலில் சிவப்பு விழுந்தது. நேராகப் போனால் திருவான்மியூர், கோவளம். வலது பக்கம் திரும்பினால் கிண்டி, பூந்தமல்லி, அப்படியே ஏலகிரி மலை. மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

மெஹபூப் அலி பக்கத்தில் திரும்பினார். “எந்தப் பக்கம்மா போகணும்?”

“நேரா போ, கோவ...” என்றார் பின்னாலிருந்து சுப்பராயன். வாக்கியத்தை அங்கேயே வெட்டிவிட்டேன். அஜித்குமார் வாயைத் திறந்தான். அவனுக்கு வாக்கியமே கொடுக்கவில்லை.

இந்தக் கதையில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் மெஹபூப் அலி மட்டும்தான். நான்கூடக் கேட்கவில்லை. அதனால் முடிவைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. உங்களுக்கு நல்ல மனசு, அவளுக்காக ஒரு பதிலை இந்நேரம் தயாராக வைத்திருப்பீர்கள். வேண்டாம். பச்சை விழ இன்னும் நாற்பது நொடி இருக்கிறது. நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள், அவள் சொல்லட்டும்.