ஷெட்டுக்குள் அடித்த சைரன்

ஆபீஸில் கொடுத்த வேலைச்சீட்டில் முகவரி மட்டும்தான் இருந்தது. அதனால் கதவு திறந்ததும் அலாரக்காரனுக்கு ஒரு நிமிடம் மூச்சே நின்றது. எதிரில் நின்றவர், ஒன்பது வருடத்துக்கு முன்னால் திருடன் என்று சொல்லி அவனை வேலையிலிருந்து துரத்திய முதலாளி.

அவருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அப்போது மீசைகூடச் சரியாக முளைக்காத முகம், இப்போது தாடி.

"வாங்க தம்பி. வீட்டுல அலாரம் ஏற்கெனவே இருக்கு. தோட்டத்து ஷெட்டுக்கும் இழுத்துக் குடுக்கணும்" என்றார்.

அவரிடம் அவன் ஒயரிங் வேலை பார்த்தவன். சுவர் துளைக்கும் பெரிய டிரில் மெஷின் ஒன்று ஒருநாள் காணாமல் போனது. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவன் அவன். இருபது பேர் பார்க்க அவன் பையைத் தரையில் கொட்டினார். சாப்பாட்டு டப்பாவைக்கூட விடவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவன் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சி என்று சொல்லி அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு எந்த வேலைக்குப் போனாலும் அவனுக்கு முன்னால் பட்டப்பெயர் போய் நின்றது. "டிரில்லு வந்துட்டான்டா, சாமானை எல்லாம் உள்ள வை!" எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பான். அதையாவது தாங்கிக்கொண்டான். மாமனார் வீட்டுக்குப் போனால் அவர் எழுந்துபோய் பீரோவைப் பூட்டுவார். அவன் மனைவி அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அதுதான் அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஷெட் வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி இருந்தது. தகரக்கூரை, தடித்த சுவர். கம்பியில்லாத சென்சாரின் சிக்னல் அங்கிருந்து வீட்டுக்கு வராது என்று சோதித்துப் பார்த்துவிட்டு, குழாய் புதைத்து கேபிள் இழுக்க முடிவு செய்தான். அவன் மண்ணைத் தோண்ட, முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச்சுக்கொடுத்தார்.

"இந்தக் காலத்துல யாரை நம்புறது சொல்லுங்க. என்கிட்டயே ஒருத்தன் இருந்தான். பார்க்க அப்பாவி மாதிரி இருப்பான். கை நீளம். டிரில் மெஷினையே அமுக்கிட்டான்."

மண்வெட்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. "அப்புறம் கிடைச்சுதா சார்?"

"எங்க கிடைக்கும்? எவனுக்கோ தள்ளிவிட்டிருப்பான்."

மத்தியானத்துக்குள் கேபிள் ஷெட்டுக்குள் வந்துவிட்டது. கதவில் காந்த சென்சார் பொருத்தினான். ஆள் அசைந்தால் கண்டுபிடிக்கும் சென்சாருக்கு மூலைதான் சரியான இடம். அங்கே ஓர் இரும்பு அலமாரி மறைத்துக்கொண்டு நின்றது. அதை நகர்த்தியபோது பின்னாலிருந்து சாக்குப்பை சரிந்தது. உள்ளே டிரில் மெஷின்.

கைப்பிடியைப் பார்த்தான். அது ஒருமுறை விரிசல் விட்டபோது செப்புக்கம்பியைச் சுற்றி, முனையைக் குறுக்கே கோத்து இறுக்கியவன் அவன்தான். அப்படி வேறு யாரும் கட்டமாட்டார்கள்.

அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் தலையில் போட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. மெஷினை இருந்த இடத்திலேயே வைத்து, சென்சாரை மூலையில் ஒழுங்காக முடுக்கினான். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை.

அன்று அந்த வீட்டுக்குச் சம்பந்தி வந்திருந்தார். ஹாலில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அலாரக்காரன் உள்ளே போய்ப் பணிவாகச் சொன்னான்: "வேலை முடிஞ்சுது சார். எல்லாரும் வந்து பார்த்துட்டா நல்லது."

சம்பந்தி முன்னால் பெருமையடித்துக்கொள்ளக் கிடைத்த சந்தர்ப்பத்தை முதலாளி விடுவாரா? சம்பந்தியையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்தார். அவன் அலாரத்தை இயக்கிவிட்டு, "உள்ள போய் அந்த அலமாரிகிட்ட நில்லுங்க சார்" என்றான்.

அவர் இரண்டடி வைத்தார். சைரன் அலறியது. பக்கத்து வீட்டு மாடியில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தெருவில் போனவர்கள் கேட்டருகே கூடினார்கள்.

"சரி, போதும் நிறுத்துங்க!" என்று முதலாளி காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

அவன் நிறுத்தவில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து டிரில் மெஷினை எடுத்து, வெளியே எல்லோர் நடுவிலும் வைத்தான். பிறகுதான் ரிமோட்டை அழுத்தினான். சட்டென்று வந்த அமைதியில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"இது யாரோடது சார்? என்னைத் தெரியலையா? நான்தான் அந்தக் கைநீளக்காரன்."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "அது... பழசு... வேற மெஷின்..."

"இந்தக் கம்பியைக் கட்டினது நான். சொல்லுங்க, இல்லேன்னா திரும்பவும் அலறவிடுவேன். தெரு முழுக்க வரட்டும்."

அவர் சம்பந்தியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "என் மச்சினன் எடுத்துட்டுப் போயிருந்தான்" என்றார் கடைசியில். "மூணு வாரம் கழிச்சுக் கொண்டுவந்தான். அதுக்குள்ள உன்னை அனுப்பியாச்சு. எப்படிச் சொல்றது..."

"என் தம்பியா?" என்றாள் அவர் மனைவி. "இவ்வளவு வருஷமா அந்தப் பையன் தலையில பழியைக் கட்டிட்டு, இன்னைக்குக் காலையிலகூட அவன்கிட்டயே அவனைத் திருடன்னீங்களே! ஜன்னல் வழியா என் காதுல விழுந்துச்சே!"

சம்பந்தி செருப்பைத் தேடினார்.

அலாரக்காரன் போனை எடுத்து மாமனார் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினான். "இதையே இவர்கிட்டயும் சொல்லுங்க."

முதலாளி சொன்னார். தடுமாறி, ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு, "மாப்பிள்ளை, சாயங்காலம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க" என்றது மாமனார் குரல்.

"வரமாட்டேன் மாமா. இந்தத் தடவை நீங்க வாங்க."

வேலைச்சீட்டில் முதலாளியின் மனைவிதான் கையெழுத்துப் போட்டாள். "என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றாள். அவமானத்தில் அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்காக அவனுக்கு வருத்தம் வந்தது. ஆனால் செய்ததை நினைத்து வரவில்லை. "என்னையும் அவர் தனியாக் கூப்பிட்டுப் பையைப் பார்க்கலீங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஏணியை வண்டியில் கட்டினான்.

மாமனார் நாலு நாள் கழித்து வந்தார். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். அவன் மனைவி சமையலறை வாசலில் நின்று புருஷனைக் கெஞ்சலாகப் பார்த்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வர அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரமும் அவன் ஒரு வார்த்தை பேசி அவருக்கு உதவவில்லை.