அமுக்கியும் பதில் சொல்லாத பட்டன்

ஜான்சிக்கு அன்று யாரிடமும் பேசத் தெம்பில்லை. பல வாரங்களாகத் திரையையே பார்த்துப் பார்த்துக் கண் எரிந்துகொண்டிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த சின்ன கம்பெனி. சிட்லபாக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்கு அவர்கள் ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தார்கள். நோயாளிகள் போனிலேயே நேரம் பதிவு செய்துகொள்ளலாம். அதில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஜான்சியின் பொறுப்பு.

மையத்திலிருந்து புகார் வந்தபடி இருந்தது. ஆட்கள் தாங்களே பதிவு செய்கிறார்கள், தாங்களே ரத்தும் செய்துவிடுகிறார்கள், பிறகு வந்து நின்று சண்டை போடுகிறார்கள் என்று. மேலாளர் ஸ்டெபினும் நொந்துபோயிருந்தார். புகார் செய்தவர்களில் ஒருவரின் நம்பரைக் கொடுத்து, அந்த மனிதருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துவிடும்படி சொன்னார்.

அந்த மனிதர் குப்புராஜ். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். மனைவி தனத்துக்காகத்தான் பதிவு செய்வார். அவர் கத்துவார் என்று ஜான்சி மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கூப்பிட்டாள். அவர் கத்தவில்லை.

"நான் அமுத்துனேன்மா. அது அப்டியே கீது. சரி, கை ஒழுங்கா படலன்னு இன்னொரு தபா அமுத்துனேன்."

எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்க வந்தவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பதிவு முடிந்ததும் அதே பட்டன் 'ரத்து செய்' என்று மாறிவிடும். ஆபீஸ் இணைப்பில் கண் இமைப்பதற்குள் மாறும். அவருடைய பழைய போனில் மெதுவாகத்தான் மாறும். அவருடைய இரண்டாவது அமுக்கல் சரியாக ரத்தின்மேல் போய் விழுந்திருக்கிறது.

ஸ்டெபினிடம் போய்ச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டு, சட்டென்று முடிகிற மாதிரி ஏதாவது செய்யச் சொன்னார். அமுக்கியதும் பட்டன் வெளிறிப்போகும்படியும், பதிவானதும் திரையின் உச்சியில் பச்சைப் பட்டையில் ஒரு வரி வந்து மறையும்படியும் செய்தாள். ஆபீஸில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரமும் தனத்தின் பதிவு ரத்தாகியிருந்தது.

சனிக்கிழமை, விடுமுறையை விட்டுவிட்டு, ஜான்சி மையத்துக்கே போனாள். வேறொருவர் வராததால் அன்று எப்படியோ இடம் கிடைத்து, வெயிலில் போட்டிருந்த பெஞ்சில் குப்புராஜும் தனமும் காத்திருந்தார்கள். தனத்தின் கால் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. ஜான்சி தான் யாரென்று சொல்லி, அடுத்த நேரத்தைத் தன் கண்முன் பதிவு செய்யச் சொன்னாள்.

குப்புராஜ் போனை வயிற்றோடு வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினார். அவர் கண் விரல் பட்ட இடத்திலேயே இருந்தது. பட்டன் வெளிறியதும், அதில் எழுத்து மாறியதும் அந்த வெயிலில் தெரியவே இல்லை. பச்சைப் பட்டை உச்சியில் வந்தது, போனது. அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"பார்த்தியாம்மா, ஒண்ணுமே ஆவல," என்று மறுபடி விரலைக் கொண்டுபோனார்.

"வேணாம்ணா. ஆயிடுச்சு," என்று ஜான்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தனம் மெதுவாகப் பேசினார். போன வாரம் இங்கே வந்து, பதிவு ரத்தானதால் சிகிச்சை இல்லாமலே திரும்பிப் போனபோது ஆட்டோவிலேயே மூச்சு வாங்கியதாம். "அத்தக் கூட தாங்கிக்கினேன். இவரு, என் கையாலயே உன்ன சாவடிக்கப் பாத்தேனேன்னு அழுதுகினே வந்தாரு. அதான் பேஜாரா போச்சு."

குப்புராஜ் வேறு பக்கம் பார்த்தார்.

"உங்க கை மேல ஒரு தப்பும் இல்லண்ணா," என்றாள் ஜான்சி. "நாங்க அதை அப்படிச் செஞ்சு வச்சிருக்கோம்."

திங்கட்கிழமை ஸ்டெபின் வேறு வேலை கொடுத்தார். வாதாட அவளுக்குத் தெம்பில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு இதைத்தான் செய்தாள். விரல் பட்ட அதே இடத்தில் பட்டனே 'பதிவாகிறது, பொறுங்கள்' என்று மாறும். முடிந்ததும் பட்டன் இருக்காது. அங்கே நோயாளியின் பெயரும் கிழமையும் நேரமும் பெரிய எழுத்தில் நிற்கும், மறையாது. ரத்து செய்ய வேண்டுமானால் வேறு பக்கத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் ஒரு முறை கேட்கும். ஸ்டெபின் பார்த்துவிட்டு, பார்க்கப் பேருந்து நிலைய போர்டு மாதிரி இருக்கிறது என்றார். பிறகு அவரும் சலித்துப்போய், அதையே வெப்சைட்டில் போடச் சொல்லிவிட்டார்.

புகார்கள் குறைந்தன. நன்றி சொல்ல யாரும் கூப்பிடவில்லை. குப்புராஜ் மட்டும் கூப்பிட்டார்.

"தனம், செவ்வாய்க்கெழம காலைலன்னு போட்டுகீது. நெஜமாம்மா?"

"நிஜம்தாண்ணா."

அவர் உடனே வைக்கவில்லை. பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஜான்சி இன்னொரு முறை சொன்னாள்.

அடுத்த வாரமும் அதையே கேட்டுக் கூப்பிட்டார். அதற்கடுத்த வாரம் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் ஜான்சி மையத்தின் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். தனம் காலையிலேயே வந்து, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார்.