சோளமாக் கஞ்சிக்கு உப்புப் பார்த்தவள்

சாஹுல் ஹமீட் ஹாஜியார் தர்மம் செய்வதென்றால் முதலில் பதாகை அடிக்கக் கொடுப்பார். பிறகுதான் என்னத்தைக் கொடுக்கலாம் என்று யோசிப்பார். அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு. சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, கரண்ட் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் இல்லை. அரிசி இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஸ்டோரில் கூரை முட்ட இருந்தது. அதில் ஒரு சுண்டு அள்ளிக் கொடுக்க மனுசனுக்குக் கை வரவில்லை. சத்துமாப் பைக்கற் போட்டு விற்கலாம் என்று வாங்கி, விலைபோகாமல் வண்டு விழத் தொடங்கிய சோளமா ஆறு மூட்டை ஒரு மூலையில் கிடந்தது. அதுதான் எங்கள் ஒழுங்கைப் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சவென்று வந்து இறங்கியது. மூட்டைகளுக்கு மேலே அவருடைய பெயர், பெயருக்கு மேலே அவருடைய படம்.

கத்தோலிக்கரான எங்கள் கோவிலிலும் இப்படி ஆட்கள் இல்லாமலில்லை. திருநாளுக்கு ஒரு பெரிய மெழுகுதிரி கொடுத்துவிட்டு, பூசை முடியும்வரை அதற்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்காது.

கஞ்சி காய்ச்சும் பொறுப்பை முன்வீட்டுக் கைருன்னிசாவிடம் கொடுத்தார் ஹாஜியார். அவளுடைய புருஷன் காமில் கடலுக்குப் போய்த் திரும்பாமல் மூன்று வருஷம். இரண்டு பெண் பிள்ளைகள். கருவாடு காயப்போடும் வாடிகளில் கூலிக்குப் போய்த்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. பெருநாள் கழிந்ததும் ஹாஜியார் ஒரு சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறார். கஞ்சி நன்றாக இருந்தால் அந்தக் கடைக்குக் கைருன்னிசாதான் சமையல்காரி, மாதச் சம்பளம், பிள்ளைகளுக்கு மூன்று நேரச் சாப்பாடு. நன்றாக இல்லாவிட்டால் வேறு ஆள். இதை அவர் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னார். எதையும் அவர் பத்துப் பேருக்கு முன்னால்தான் சொல்வார்.

முதல் மூன்று நாளும் கஞ்சி ஆடுகளுக்குத்தான் போனது. ஆடுகளும் யோசித்துத்தான் குடித்தன. கொதிக்கிற தண்ணீரில் மாவை அப்படியே கொட்டினால் வேறென்ன நடக்கும்? கட்டி கட்டியாக, சுவருக்குப் பூசுகிற பதத்தில், ஒரு மணமும் இல்லாமல் இருந்தது. அரிசிக் கஞ்சி காய்ச்சுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சோளமாவை அவள் அரிசியாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் நான் வேலிப் படலையைத் திறந்துகொண்டு போனேன். "தள்ளு பிள்ள, இந்த அநியாயத்தப் பாத்துக்கொண்டு இருக்கேலாது" என்றேன். மாவை மூன்று தரம் அரித்து வண்டைப் போக்கினேன். வெறும் தாச்சியில் மணம் வரும்வரை வறுத்தேன். ஆறவிட்டுப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகுதான் கொதிக்கிற பானையில் விடச் சொன்னேன். உள்ளி, இஞ்சி, வெந்தயம், ரம்பை, ஒரு பிடி முருங்கையிலை, இறக்குகிற நேரத்தில் தேங்காய் முதற்பால். மிஞ்சினதை ஆட்டுக்கு ஊற்றவும் விடவில்லை. தட்டத்தில் ஊற்றிவைத்தால் ஒரு மணித்தியாலத்தில் இறுகிவிடும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, என் வீட்டில் மத்தியானம் மிஞ்சிய மீன் கறியை முள்ளெடுத்துப் பிசைந்து இரண்டு துண்டுக்கு நடுவில் வைத்து, கல்லில் கொஞ்ச எண்ணெய் தடவிச் சுட்டோம். அவளுடைய பிள்ளைகள் நோன்பு திறந்துவிட்டு அதைத்தான் முதலில் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பள்ளிவாசலில் ஆட்கள் இரண்டாவது கோப்பை கேட்டார்கள்.

உப்புப் பார்ப்பது என் வேலை. கைருன்னிசாவும் பிள்ளைகளும் நோன்பு. நாக்கில் வைத்துத் துப்பினால் குற்றமில்லை என்று அவர்களுக்குள் சிலர் சொல்வார்களாம். அவள் மாட்டாள். "வேண்டாம் றோசக்கா, ஒருத்தர் கண்டா ஒம்பது பேருக்குச் சொல்லுவினம். நீங்களே பாருங்கோ." நான் அகப்பையை ஊதி ஊதிக் குடித்து, போதும், போதாது என்று சொல்வேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

ஆறாம் நாள் வெள்ளி. ஹாஜியாரே கஞ்சி குடிக்க வருகிறார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று மணிக்கே கஞ்சி பதத்துக்கு வந்துவிட்டது. நான் ருசி பார்த்தேன். உப்பு, உறைப்பு எல்லாம் அளவு. கைருன்னிசா மூன்று வருஷத்துக்குப் பிறகு வாய் திறந்து சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். "பெருநாளைக்குப் பிறகு வாடிக்குப் போகத் தேவையில்ல" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு ஹாஜியாரின் கணக்கப்பிள்ளை நுஃமான் ஒரு வாளியோடு வந்தான். முதலாளி எள்ளென்றால் எண்ணெயாக நிற்கிற பிறவி. வாளிக்குள் மாட்டிறைச்சி. முந்தின நாள் ஹாஜியார் வீட்டில் சம்பந்தி விருந்து. பிரிஜ்ஜுக்குக் கரண்ட் இல்லை. மிஞ்சினது பழுதாகிவிடும் என்று உப்பை அள்ளிப் போட்டுப் பிரட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது அது கஞ்சிக்கு ஸதகா, தர்மம். தன் வீட்டு எச்சத்தைக்கூட இந்த மனுசனுக்குச் சும்மா எறியத் தெரியாது, அதையும் நன்மைக் கணக்கில் எழுத வேண்டும்.

"ஹாஜியார் இதையும் போடச் சொன்னவர்" என்றான் நுஃமான்.

"நல்லாக் கழுவிப்போட்டுப் போடு கைருன்" என்றேன்.

"கழுவினா ருசி போயிடும். நேரமும் இல்ல, அஞ்சு மணிக்குப் பானை அங்க நிக்கோணும்."

கைருன்னிசா ஒரு தண்ணீரில் அலசினாள். அவ்வளவுக்குத்தான் அவன் விட்டான். இறைச்சி பானைக்குள் போய் ஒரு கொதி வந்தது. அவள் அகப்பையில் அள்ளி என்னிடம் நீட்டினாள். "றோசக்கா, உப்பு ஒருக்காப் பாருங்கோ."

வெள்ளிக்கிழமை. தவக்காலத்து வெள்ளி. எங்களுக்குச் சுத்தபோசனம், இறைச்சி வாயில் படக்கூடாது. ஒரு சொட்டுக் குழம்பால் மோட்சக் கதவைச் சாத்துகிற அளவுக்குக் கடவுள் சின்னப் புத்திக்காரர் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் நான் அகப்பையை வாங்கவில்லை. ஏனென்றால் படலையடியில் மனோன்மணி நின்றாள். மரியாயின் சேனை என்ற கோவில் சபையில் என்னோடு இருக்கிறவள், சிலுவைப்பாதைச் செபத்துக்குக் கூட்டிப்போக வந்திருந்தாள். கையில் ஜெபமாலை, கண் முழுக்க என் வாயில். நான் அந்த அகப்பையைத் தொட்டிருந்தால் முதலாம் நிலை முடிவதற்குள் கோவிலில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ பிள்ள" என்றேன். குரலை நன்றாகப் பணிவாக வைத்துக்கொண்டேன்.

கைருன்னிசா நுஃமானைப் பார்த்தாள். நுஃமான் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அகப்பையைத் திரும்பப் பானைக்குள் விட்டாள். "சரியா இருக்கும் என்ன அக்கா?" என்று கேட்டாள்.

"ஓம், சரியாத்தான் இருக்கும். நீ பயப்பிடாத" என்றேன் நான். பார்க்காமலே சொன்னேன்.

சிலுவைப்பாதையில் பதினாலு நிலைக்கும் முழங்காலில் நின்றேன். மனோன்மணி எனக்குப் பக்கத்தில் நின்று உருக்கமாகப் பாடினாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை நொந்து என்ன, அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லையே.

திரும்பி வரும்போது பாங்கு சொல்லி முடிந்திருந்தது. பள்ளிவாசல் வாசலில் நின்ற ஆட்கள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் படாத தொண்டையில் அந்தக் கஞ்சி இறங்கியிருக்கிறது. ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பத்துப் பேருக்கு முன்னால், "கடற்கரைப் பொம்பிளைக்கு உப்புக்குக் கணக்குத் தெரியேல்ல போல" என்று சொன்னாராம். எல்லாரும் சிரித்தார்களாம். உப்பு எந்த வீட்டிலிருந்து வாளியில் வந்தது என்று நுஃமான் வாய் திறக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து கஞ்சிக்கு வேறு சமையல்காரர் வருவார் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. கடைக்கும் அவர்தான்.

ஏழு மணியிருக்கும், கைருன்னிசா ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு என் குசினிக்கு வந்தாள். பானையில் முக்கால்வாசி மிச்சமாம். நோன்பு திறந்த பிறகு அவளும் குடித்துப் பார்த்திருக்கிறாள். உதடு வெளுத்திருந்தது.

"ஒரு வாய் பாத்திருந்தா இன்னொரு குடம் தண்ணி விட்டிருப்பன்" என்றாள். என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். "நானாவது நாக்கில வைச்சிருக்கலாம். அவன் என்னத்தச் சொன்னாலும் சொல்லட்டும் எண்டு விட்டிருக்கலாம். பிள்ளையளுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல அக்கா."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மனோன்மணிக்குப் பயந்துதான் குடிக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு ஹாஜியாரைத் திட்டினேன். நுஃமானைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன், அது எனக்குக் கைவந்த கலை. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இதக் கொட்ட மனம் வரேல்ல. நீங்க ஏதும் செய்வியள் எண்டு கொண்டுவந்தனான்" என்று சட்டியை அடுப்புத் திட்டில் வைத்தாள். போகும்போது திரும்பி, "இண்டைக்குத் தொடாதேங்கோ அக்கா, இறைச்சி கிடக்கு. நாளைக்குப் பாருங்கோ" என்றாள். என் சுத்தபோசனத்தை அவள் எனக்கு நினைவுபடுத்திவிட்டுப் போனாள்.

விடிய எழும்பிப் பார்த்தேன், கஞ்சி இறுகியிருந்தது. உப்பில்லாத மாவை இரண்டு பங்கு கரைத்துச் சேர்த்து, முருங்கையிலை போட்டு மறுபடி கிண்டி, வெட்டிச் சுட்டால் உப்பு அடங்கிவிடும். பிள்ளைகளுக்கு இரண்டு நேரத்துக்குக் காணும். சட்டியில் இருந்ததில் முக்கால்வாசியை அப்படிச் செய்து அவர்களுக்கு அனுப்பினேன். ஒரு கோப்பை அளவு மட்டும் எடுத்து வைத்தேன். அதற்குள் மா கரைக்கவில்லை, தண்ணீரும் விடவில்லை. ஒரு கொதி வைத்து, அகப்பையால் அள்ளி, முழுவதையும் குடித்தேன்.