கேட்க வந்த காதுகள்

எங்கள் ஊரில் ஒரு பொருளை இணைய ஏலத்தில் போட்டால், கேட்பவர்களின் காதுகள் வீட்டுக்கு வந்துவிடும். நான் முன்பு இருந்த ஹாம்பர்க்கில் அப்படியில்லை, அங்கே விலை சொல்கிறார்கள். இங்கே ஏலம் கேட்கிறார்கள். கேட்பதற்குக் காது வேண்டும்.

காதைப் பார்த்துத்தான் விற்க வேண்டும். எதிர்வீட்டு ஜெகதா டீச்சர் தன் பழைய லேப்டாப்பைத் தவறான காதுக்கு அனுப்பிவிட்டார். பணம் வரவில்லை. வீட்டுச் சத்தமெல்லாம் அதோடு போய்விட்டது. அவர் குக்கர் இப்போது ஆவியை மட்டும் விடுகிறது. எங்கள் வீட்டில் சத்தம் போனால் போவது மரகதத்தின் சீட்டி. என் மனைவி சீட்டியடித்துக்கொண்டுதான் சமைப்பாள். அது இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது.

என் பழைய ரேடியோவை ஏலத்தில் போட்டதும் பளபளவென்று ஒரு காது வந்து ஜன்னல் கம்பியில் உட்கார்ந்தது. கைபேசியில் செய்தி வந்தது: "டபுளா தர்றேன் சார். இன்னைக்கே அனுப்பிடுங்க, வேற ஊர் அட்ரஸ். பணம் ஆப்ல வேணாம், நேரா போட்டுடறேன்."

சம்மதம் என்று தட்டப்போனேன். மரகதம் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இருங்க. அதுல ஓட்டையே இல்ல."

ஹாம்பர்க்கில் துளையில்லாத காதுகளுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். கவனித்திருக்கவில்லை.

"குத்திக்காதவங்களும் இருப்பாங்கல்ல?"

"இது நமக்குக் குத்த வந்திருக்கு. தாய்மாமன் யாருன்னு கேளுங்க, யார் மடியில உக்காந்துச்சுன்னு."

கேட்டேன். பதில் வர நேரமானது. "மாமன் எதுக்கு சார்? இன்னும் ஏத்தித் தர்றேன்."

"மடியில்லாத காது," என்று சொல்லிவிட்டு மரகதம் உள்ளே போனாள். நான் கைபேசியில் அதைத் தடைசெய்தேன். அது எழுந்து அடுத்த தெருவுக்குப் பறந்தது.

இரண்டாவது காது ஊருக்குக் கிழக்கே எழுந்து, மெல்லக் கூரைகளின் மேல் சாய்ந்தது. தெருவில் வெயில் குறைந்தது. மாடியில் வற்றல் போட்டவர்கள் முறத்தோடு இறங்கினார்கள். அதன் மடலில் துளை இருந்தது; துளை வழியே ஒரு கொக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. தாய்மாமன் பெயர் உடனே வந்தது. வங்கக்கடல்.

"மடி பெருசுதான்," என்றாள் மரகதம்.

அது கேட்கட்டும் என்று ரேடியோவைப் போட்டேன். இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள் நின்றது. வெறும் இரைச்சல். காது பாட்டு எதையும் தேடவில்லை, இரைச்சலையே கேட்டது. அது கேட்ட விதத்தில் எனக்கும் முதன்முறையாகக் கேட்டது: கோடிப் பேர் ஒரே நேரத்தில் பேச வாயெடுத்து, யாரும் இன்னும் தொடங்காததுபோல. தெருவில் ஆட்டோக்கள் தாமாக அணைந்தன. என் கைகள் குவிந்திருப்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

நான் போட்ட விலைக்கே கேட்டது. பணம் ஆப்பிலேயே வந்தது. அடுப்படியில் சீட்டி தொடங்கியது.

கூரியர்காரர் பெட்டியின் மேல்விலாசத்தைப் படித்தார்.

"மேலயா சார்? உடையுற சாமான், கையிலயே கொண்டுபோயிடறேன். வண்டிய மட்டும் பாத்துக்கங்க."

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காற்றில் கால் வைத்து ஏறத் தொடங்கினார். காதின் நிழல் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் அவர் வண்டியை அதற்கேற்பத் தள்ளித் தள்ளி நிறுத்தினேன்.